ஐப்பசிக்கு முன் கேட்டுவிடுங்கள்

(இந்த இதழில் ரெட்டிபாளையம் சுற்றுவட்டார வாசகர்களின் புயல், வெள்ளம், இடி, குழி பற்றிய கேள்விகள் மட்டும். அரசியலும் சினிமாவும் அடுத்த இதழ் வரை தாங்கும்.)

புயல் என்றால் கடற்கரைக்காரர்கள் பயப்படட்டும். ரெட்டிபாளையத்தில் இருக்கும் எங்களுக்கு என்ன சார்?
– ஆலைத் தொழிலாளி, ரெட்டிபாளையம்

கடல் உங்கள் காலடியில்தான் இருந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலின் அடியில் படிந்ததைத்தான் நீங்கள் சுண்ணாம்புக்கல் என்று வெட்டி, அரைத்து, மூட்டை கட்டுகிறீர்கள். நம்பாவிட்டால் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய் வாருங்கள். கடல் பின்வாங்கிவிட்டது, காற்று அப்படி எந்த வாக்குறுதியும் தரவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, கடலோரத்தோடு நின்றதா? கீரமங்கலம், ஆலங்குடி தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டுவிட்டுத் திண்டுக்கல் வரை போனது. 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயல், பண்ருட்டி முந்திரியையும் பலாவையும் வேரோடு பிடுங்கியது. ஆண்டிமடத்து முந்திரிக்கு அது ஒன்றும் தூரத்துச் செய்தி அல்ல.

ஒரு வேலை செய்யுங்கள். தகரக் கூரையின் மேல் பாரத்துக்கென்று வைத்திருக்கும் செங்கல்லையும் பழைய டயரையும் இறக்குங்கள். ஷீட்டைச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். காற்று ஷீட்டைத் தூக்கினால் செங்கல்லும் சேர்ந்துதான் பறக்கும். அது பக்கத்து வீட்டுக்காரர் தலையைத் தேடும்.

ரெட் அலர்ட் என்றால் பள்ளிக்கூடம் லீவுதானே?
– எட்டாம் வகுப்பு மாணவன், கல்லங்குறிச்சி

லீவு விடுவது கலெக்டர். ரெட் அலர்ட் விடுவது வானிலை ஆய்வு மையம். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டக்கூடும், உடனே நடவடிக்கையில் இறங்குங்கள் என்று பொருள். லீவு விட்டாலும் அன்று ஏரிக்கரையில் கிரிக்கெட் கிடையாது, தம்பி.

மருதையாற்றில் வருடத்தில் பாதி நாள் ஆடுதான் மேய்கிறது. அதற்குப் போய் வெள்ள எச்சரிக்கை விடுகிறார்களே?
– டீக்கடைக்காரர், அரியலூர்

அந்த ஆற்றை அப்படிச் சாதாரணமாக நினைத்ததற்கு இந்த நாடு ஒருமுறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1956 நவம்பர் 23, விடியாத நேரம். விடாத மழை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டிக் கல்லகம் பக்கம் மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. பெருகி ஓடிய வெள்ளம் பாலத்தை ஏற்கெனவே அரித்துவிட்டிருந்தது. மேலே தண்டவாளம் இருந்தது. அதைத் தாங்க வேண்டிய கீழ்ப்பகுதி இல்லை. இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கத்திலேயே போனார்கள்.

அந்த ஆண்டுதான் மகபூப்நகரில் ஒரு ரயில் விபத்து நடந்து, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார், இம்முறை ஏற்கப்பட்டது. இன்றும் எங்கே ரயில் கவிழ்ந்தாலும் மேடைக்கு மேடை சாஸ்திரி ராஜினாமாவைப் பேசுகிறார்கள். அந்த ஆற்றின் பெயரைச் சொல்பவர்தான் யாருமில்லை.

இந்த மாதிரிச் சின்ன ஆறுகளின் சுபாவமே அதுதான். மேட்டில் கொட்டிய மழை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். காவிரிக்காவது மேட்டூரிலிருந்து தகவல் வரும். மருதையாறு யாரிடமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், "முழங்கால் அளவுதானே" என்று பைக்கை இறக்காதீர்கள். முழங்கால் அளவுத் தண்ணீர் இழுத்தால் ஆள் நிற்க முடியாது. தண்ணீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா என்பதும் மேலே நிற்பவருக்குத் தெரியாது. 1956-இல் அந்த டிரைவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2007 நவம்பர் 23. விபத்து நடந்த அதே தேதி. மாவட்டத்தின் பிறந்தநாளுக்குப் பேனர் வைப்பவர்கள் அன்று ஏதாவது ஒரு பாலத்தின் அடித்தூணையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆலையிலும் சுரங்கத்திலும் வேட்டு வைக்கும்போது பரணில் பாத்திரம் ஆடுகிறது. நிஜமாகவே நிலநடுக்கம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
– இல்லத்தரசி, ரெட்டிபாளையம்

வேட்டுக்கு நேரம் உண்டு, சங்கு உண்டு. நிலநடுக்கத்துக்கு இரண்டும் கிடையாது. நள்ளிரவில் பாத்திரம் ஆடினால் சந்தேகப்படுங்கள். நம் பக்கம் அது அபூர்வம்; ஆனால் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1900-இல் கோவைப் பக்கம் வந்தது. 2001 செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் வந்து சென்னைவாசிகளைத் தெருவுக்கு ஓடி வரச் செய்தது. ஆட்டம் அடங்கும்வரை கனமான மேசைக்கு அடியில் இருங்கள். வேட்டில் சுவர் விரிசல் விட்டால் அது வேறு கதை: தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, மனுவாக எழுதிக் கொடுங்கள்.

வானத்தில் ஒரு துளி இல்லை. ஆனால் கொள்ளிடக் கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று அறிவிக்கிறார்கள். என்ன நியாயம்?
– விவசாயி, திருமானூர்

மழை குடகிலும் வயநாட்டிலும் பெய்கிறது, நனைவது நீங்கள். மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவார்கள். முக்கொம்பில் காவிரி தாங்காத உபரி முழுவதும் கொள்ளிடத்துக்குத்தான். 2018 ஆகஸ்ட் 22 இரவு அந்த முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். ஆங்கிலேயர் காலத்துக் கட்டுமானம், ஆர்தர் காட்டன் கட்டியது என்று பெருமை பேசிக்கொண்டே இருந்தோம். பெருமைக்குப் பராமரிப்புச் செலவு உண்டு. உங்கள் கணக்குக்கு ஒரே விதி: மேட்டூரில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள் என்று செய்தி வந்தால், ஆற்றுப்படுகையிலுள்ள மோட்டாரைக் கழற்றிவிடுங்கள், மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டுங்கள். தண்ணீர் வந்து சேர அவகாசம் இருக்கிறது. கரையில் நின்று செல்ஃபி எடுத்து அதைக் கழிக்காதீர்கள்.

செல்போன் இடியை இழுக்குமா?
– நூறு நாள் வேலைக்குப் போகும் பெண், ஜெயங்கொண்டம் பக்கம்

இழுக்காது அம்மா. நீங்கள் ஒதுங்கி நிற்கும் புளியமரம்தான் இழுக்கும். திறந்த வெளியில் உயரமாக நிற்பதையே மின்னல் தேடும். மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். மூன்று எண்ணினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு கான்கிரீட் கூரைக்குக் கீழே போங்கள். பக்கத்தில் கட்டடமே இல்லையென்றால், எல்லாரும் ஒரே இடத்தில் கும்பலாக நிற்காமல் விலகி விலகிக் குந்துங்கள். புனேயிலுள்ள வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, பக்கத்தில் மின்னல் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும். உங்கள் குழுவில் யாராவது ஒருவர் போனில் இருந்தால் போதும். செல்போனால் ஆபத்தில்லை என்றேன் அல்லவா, உபகாரமும் உண்டு.

பழைய சுண்ணாம்புக்கல் குழியில் பசங்கள் குளிக்கப் போகிறார்கள். சொன்னால் கேட்பதில்லை.
– தாய், ரெட்டிபாளையம் அருகே

இதற்கு நகைச்சுவை கிடையாது. ஏரியில் கரை சரிவாக இறங்கும். வெட்டிய குழியில் ஒரே அடியில் ஆழம். ஏறிவரப் பிடிமானம் இல்லை. ஒருவன் தத்தளித்தால் காப்பாற்றக் குதிப்பவனும் போகிறான். செய்தித்தாளில் எப்போதும் இரண்டு, மூன்று பேராகவே வருவது அதனால்தான். குதிக்கக் கூடாது. கயிறு, வேட்டி, சேலை, மூடிய காலி பிளாஸ்டிக் கேன், எது கிடைத்தாலும் எறிய வேண்டும். 112-க்குப் போன் போட வேண்டும். இதைப் பசங்களுக்கு அடித்துச் சொல்ல வேண்டாம், ஒருமுறை செய்து காட்டுங்கள். கைவிட்ட குழிக்கு வேலி போடுவது குழி வெட்டியவர் கடமை. ஊரார் தயவு அல்ல. வேலி இல்லாத குழிகளைக் கிராம சபையில் தீர்மானமாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத குழி அரசாங்கத்துக்குக் கண்ணில் தெரியாது.

மழையில் மாடு செத்தால் எவ்வளவு கிடைக்கும்?
– பால்காரர், செந்துறை

கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000. கோழிக்கு நூறு. அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும், வி.ஏ.ஓ.வுக்குத் தகவல் போக வேண்டும். நெல் போட்டிருந்தால் பயிர்க் காப்பீடு தனி. சம்பாவுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. நவம்பர் 14 இரவு சர்வர் என்ன பாடு படும் என்று உங்களுக்கே தெரியும்.

சித்திரை வெயிலும் பேரிடரா?
– கண்டக்டர், பெரம்பலூர்

2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்துவிட்டது. வெயிலில் செத்தால் 4 லட்சம். பிழைத்திருக்க ஒரு சொம்பு மோர் போதும், இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்குள் பாம்பு. கடித்தால் முதலில் என்ன செய்வது?
– வாசகர், தா.பழூர்

கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-இல் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மந்திரிப்பவர் வீடு வழியில் இருந்தாலும் இறங்க வேண்டாம்.

எங்கள் ஏரிக் கலிங்கை யார் தூர்வார வேண்டும்? பஞ்சாயத்தா, நீர்வளத்துறையா?
– முன்னாள் வார்டு உறுப்பினர், ரெட்டிபாளையம்

இருவரும் இதே கேள்வியை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் கேளுங்கள், வேலைக்கு நேரம் இருக்கும். அக்டோபர் 2-இல் கேட்டால் அவசரத்துக்கு ஜே.சி.பி. வரும். நவம்பர் 1-இல் கேட்டால் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்க வேண்டியிருக்கும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 சொல்வது: மாவட்டத்தில் இதற்குத் தலைவர் கலெக்டர். தீர்மான நகலை அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டோடு.

அவசர நேரத்தில் எந்த நம்பருக்குப் போன் போடுவது?
– பலர்

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. போனில் சேமிக்காதீர்கள், கரண்ட் போன இரண்டாம் நாள் போனே இருக்காது. கரிக்கட்டையால் அடுக்களைச் சுவரில் எழுதுங்கள், இன்றைக்கே.