கேட்டு வாங்குங்கள்!

கேள்வி: சிலிண்டர் போட வரும் தம்பியிடம் எடை போட்டுக் காட்டச் சொன்னால் முகம் மாறுகிறது. கேட்டது தப்பா?
– வாசகி, கரூர்

பதில்: உங்கள் காசு, உங்கள் எரிவாயு. தாராளமாகக் கேளுங்கள். வீட்டுச் சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ இருக்க வேண்டும். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேல்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். தராசு அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். தராசு கொண்டுவருவது ஏஜென்சியின் பொறுப்பு. சீல் பிரிந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அதே இடத்தில் 'பி 28' என்பதுபோல ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். எரிவாயு கெட்டுப்போகும் தேதி என்று பலர் நினைக்கிறார்கள். சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டிய தேதி அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை; சி, டி இரண்டும் அடுத்தடுத்த காலாண்டுகள். எண், வருடம். தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

ரசீதில் இருக்கும் தொகைதான் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதற்கும் சேர்த்தான முழுத் தொகை. வெயிலில் மூன்று மாடி தூக்கி வந்த பிள்ளைக்கு நீங்களாக விரும்பி ஏதாவது கொடுத்தால் அது நல்ல மனசு. அதையே கட்டணம்போலக் கேட்டால் ஏஜென்சிக்குப் புகார் செய்யுங்கள். கசிவு வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். அந்த எண் 24 மணி நேரமும் இயங்கும்.

கேள்வி: போன தடவை 490 யூனிட். இந்தத் தடவை 510. இருபது யூனிட்டுக்கு இவ்வளவு பணம் ஏறுமா? மீட்டரில் கோளாறா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மீட்டரைக் குறை சொல்லாதீர்கள், 500 என்ற கோட்டைப் பாருங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை மிகக் குறைந்த கட்டணம். 500-ஐத் தாண்டியவருக்கு அந்த இரண்டாவது நூறின் சலுகை போய்விடுகிறது. அந்த யூனிட்களுக்கும் 201-க்கு மேல் போடும் கட்டணமே விழுகிறது. 501-வது யூனிட் ஒன்றே இருநூறு ரூபாய்க்கு மேல் செலவு வைக்கும்.

கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்க வழி இருக்கிறது. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் உள்ள விசிறிக்கு 30 வாட் அளவில் போதும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். அதிகம் ஓடும் இரண்டு விசிறிகளை மட்டும் மாற்றினாலே உங்கள் 510, 430 ஆகிவிடும். ரீடிங் எடுக்க வரும் தேதியையும் குறித்து வையுங்கள். தாமதமாக வந்தால் கூடுதல் நாட்களின் யூனிட்டும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். பில்லில் சந்தேகம் இருந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: நகைக்கடையில் மாதம் 5,000 ரூபாய்ச் சீட்டு. 11 மாதம் கட்டினால் 12-வது தவணையைக் கடையே போடுமாம். வங்கியைவிட லாபம்தானே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: 55,000 கட்டி 60,000-க்கு நகை என்றால் காகிதத்தில் லாபம்தான், மறுக்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

முதலில், 11 மாதம் ஏன்? கம்பெனிகள் பொருளுக்காக வாங்கும் முன்பணம் 365 நாளுக்குள் பொருளாக மாறாவிட்டால், 2014-ம் ஆண்டு விதிகளின்படி அது 'டெபாசிட்' ஆகிவிடும். அதற்கான கட்டுப்பாடுகளும் வந்து சேரும். அதனால்தான் ஒரு வருடத்துக்குள் முடிக்கிறார்கள். உங்கள் பணம் கடைக்குக் கொடுத்த முன்பணம் மட்டுமே. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இதற்குக் கிடையாது. கடையை மூடிவிட்டுப் போனதும், சீட்டு கட்டியவர்கள் அட்டையும் கையுமாகக் காவல் துறையிடம் போய் நின்றதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. மகள் கல்யாணத்துக்கான மொத்தப் பணத்தையும் ஒரே கடையில் வைக்காதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் கட்டும் பணத்துக்கு அன்றன்றைய விலையில் கிராம் வரவு வைக்கிறார்களா, கடைசி நாள் விலைதானா? விலை ஏறும் காலத்தில் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம்: சேதாரம். 10 சதவீதச் சேதாரத்தில் கிடைக்கிற நகைக்கு இந்தக் கடை 18 சதவீதம் போட்டால், 60,000 ரூபாய் வாங்கலில் மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் அங்கேயே போய்விடும். கடை போட்ட 5,000-ல் பெரும்பங்கு கடைக்கே திரும்பிப் போகிறது. 'சேதாரம் இல்லை' என்று சொன்னால், எத்தனை சதவீதம் வரை, எந்த நகைகளுக்கு, கல் வைத்ததற்கும் உண்டா என்பதை அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை பில்லில் ஏறாது.

வாங்கும்போது நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் முத்திரை, 22கே916 என்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க எச்யூஐடி. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு உண்டு. 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த ஆறிலக்கத்தைப் போட்டால் என்ன நகை, என்ன தரம், எங்கே சோதித்தது எல்லாம் வரும். கடையில் நின்றுகொண்டே போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் பார்ப்பதில் பாதிப் பயன் போய்விடும்.

கேள்வி: ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டை எடை போட்டேன். ஒரு கிலோ இல்லையே?
– வாசகர், விருதுநகர்

பதில்: இருக்காது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம்தான். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அதே உயரம், அதே அகலப் பாக்கெட்டில் 850 கிராம், 800 கிராம் என்றும் விற்கிறார்கள். பாக்கெட்டில் ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்று அச்சடித்திருக்கும். அதை ஒப்பிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்ட கடலை எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. செக்கில் ஆட்டியதிலும் இல்லை, மலிவானதிலும் இல்லை.

கேள்வி: பேரனுக்கு வயிற்றுப்போக்கு. மருந்துக் கடையில் ஆரஞ்சுச் சுவையில், அட்டைப் பெட்டியில் அடைத்த பானம் கொடுத்தார்கள். குழந்தை ஆசையாகக் குடிக்கிறான். அது போதுமா?
– பாட்டி, தேனி

பதில்: போதாதும்மா, சர்க்கரை கூடிய பானம் என்றால் கெடுதலும் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் இருக்க வேண்டும். மொத்தம் 20.5 கிராம். குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்துதான் உள்ளே போகும். அவற்றோடு தண்ணீரும் போகும். சர்க்கரை மட்டும் அளவுக்கு மீறினால் அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகப்படுத்திவிடும்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஓஆர்எஸ் என்ற பெயரில் சர்க்கரைப் பானங்கள் விற்பதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். அந்த அளவில் இல்லாத பானங்களின் பெயரில் 'ஓஆர்எஸ்' என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஒரு மருத்துவர் விடாமல் கேட்டதன் பலன் இது.

பொடியாக வரும் பாக்கெட்டை வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரையுங்கள். பாதிப் பொடி, ஒரு டம்ளர் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரையை டாக்டர் எழுதித் தந்தால், போக்கு நின்றபிறகும் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள்.

இரவு நேரம், பாக்கெட் கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். குழந்தை துவண்டு போனாலோ, கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி. மாதாமாதம் அவர்கள் சொல்லும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். கடன் குறையவே மாட்டேன் என்கிறதே?
– இளைஞர், ஓசூர்

பதில்: எப்படிக் குறையும்? குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 2,500 கட்டுகிறீர்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,750. வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது 315. ஆகமொத்தம் 2,065 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 435. இதற்கிடையில் அதே கார்டில் மளிகை வாங்கினால், அதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. கார்டை இன்றே அலமாரியில் பூட்டுங்கள். வங்கியில் தனிநபர்க் கடன் அல்லது நகைக்கடன் பெரும்பாலும் இதில் பாதி வட்டிக்கும் குறைவாகக் கிடைக்கும். அதை வாங்கி இதை ஒரேயடியாக அடையுங்கள். வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மறைத்த கடன்தான் வளரும்.

கேள்வி: பழைய பீரோவை விற்க விளம்பரம் கொடுத்தேன். வாங்குபவர் க்யூஆர் அனுப்பி, 'ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்' என்கிறார்.
– வாசகி, ஆவடி

பதில்: போடாதீர்கள். பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பரைப் போட்டால் பணம் போகும். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் யாராக இருந்தாலும் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். நிமிடங்கள்தான் அங்கே கணக்கு.

கேள்வி: 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு இருந்தும், அப்பாவின் ஆபரேஷனுக்குக் கையிலிருந்து பெரும்பணம் போனது. 'ரூம் வாடகை' என்று ஏதோ காரணம் சொன்னார்கள்.
– வாசகர், கோவை

பதில்: இந்த ஒரு விதியை ஏஜென்ட்டுகள் வாய்திறந்து சொல்வது குறைவு. உங்கள் பாலிசியில் அறை வாடகை உச்சவரம்பு நாளுக்கு 5,000 என்று இருந்து, 8,000 ரூபாய் அறையில் படுக்க வைத்தால், வித்தியாசமான 3,000 மட்டும் உங்கள் தலையில் விழாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் தருவார்கள். அந்த வகையில் 80,000 ரூபாய் என்றால் 50,000 அவர்கள், 30,000 நீங்கள். மருந்து, ஸ்டென்ட் போன்றவற்றில் இப்படி வெட்டக் கூடாது. வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள்.

அட்மிஷன் கவுன்ட்டரில் பதற்றத்தில் நிற்கும்போது யாருக்கும் இது நினைவிருக்காது. இன்றே பாலிசியை எடுத்து, அறை வரம்பை ஒரு சீட்டில் எழுதி அட்டையோடு ஒட்டி வையுங்கள். புதிதாக எடுப்பவர்கள் அறை வரம்பு இல்லாத பாலிசியைக் கேளுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்கவே வேண்டாம். அதற்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம்தான்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நோய் வந்தபின் வருமானச் சான்றுக்கு அலைவது பெரும் கொடுமை.

கேள்வி: முதல்வர் மருந்தகத்தில் பிரஷர் மாத்திரை மலிவு. தரமும் குறைவோ?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: விலை குறைவதால் தரம் குறையாது. அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றுதானா என்று பாருங்கள். மாற்றும்போது ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை மட்டும் அவரைக் கேட்காமல் கம்பெனி மாற்ற வேண்டாம். அட்டையைக் கத்தரித்து வாங்கினால் காலாவதித் தேதி உள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வாரன்டி இருந்தும் மிக்ஸியைச் சரிசெய்யப் பணம் கேட்கிறார்கள். மூவாயிரம் ரூபாய்ப் பொருளுக்குக் கோர்ட்டுக்கா போவது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: போகலாம். முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகார் கம்பெனிக்கு நேரே போகும். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பில், வாரன்டி அட்டை, சர்வீஸ் சென்டர் கொடுத்த சீட்டு மூன்றையும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். பில்லின் மை சீக்கிரம் அழிந்துவிடும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.