அட்டை துணை

நம்மூர் லாரிகளின் நெற்றியில் ‘முருகன் துணை’ என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் வாடகைக்குச் சின்ன விமானம் எடுத்து ஓட்டப் போகும் வெளிநாட்டுக்காரருக்கும் ஒரு துணை உண்டு. ஏடிஎம் கார்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதில் ரைட் சகோதரர்கள் இருவரும் படமாக வீற்றிருந்து அருள்பாலிக்கிறார்கள். 1903-இல் அவர்கள் பறந்தபோது இருவரிடமும் உரிமம் கிடையாது. அந்தக் குற்றத்தை மன்னித்து அட்டையிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், எவ்வளவு பெரிய மனசு!

1927-இல் அந்த நாட்டு அரசு விமானி உரிமம் கொடுக்கத் தொடங்கியபோது முதல் எண்ணை ஆர்வில் ரைட்டுக்கே தர முன்வந்தது. நான்தான் இப்போது பறப்பதில்லையே என்று அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். எனவே முதல் உரிமம் வில்லியம் மெக்ராக்கன் என்பவருக்குப் போனது. யார் அவர்? உரிமம் கொடுக்கும் துறைக்கே தலைவர். பரிமாற வந்தவர் தலைவாழை இலையில் தானே உட்கார்ந்துவிட்டார் என்று சிலர் நினைக்கலாம். அவரும் விமானம் ஓட்டத் தெரிந்தவர்தான். நாம் குறை சொல்லக் கூடாது. அந்தத் துறையின் நேர்த்தி அன்றே தொடங்கிவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் நண்பர் ஒருவர், தாம்பரத்துக்காரர், இந்தியாவில் தனியார் விமானி உரிமம் வாங்கியவர். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போது அங்கே ஒரு செஸ்னா 172 எடுத்துப் பறக்க ஆசைப்பட்டார். வானம் எல்லோருக்கும் பொதுதானே என்று கேட்டார். வானம் பொதுதான், விமானத்தின் வாலில் உள்ள எழுத்து பொது இல்லை. விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாடு கொடுத்த, அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட உரிமம் வேண்டும் என்று 1944-இல் சிகாகோவில் கூடிப் பேசி எழுதிவைத்திருக்கிறார்கள். அமெரிக்க விமானத்தின் வாலில் ‘என்’. ஆகவே அட்டை.

அதற்கான வழி 61.75 என்ற விதி. அதன் அழகை எப்படிச் சொல்வது! ஒக்லஹோமா சிட்டியில் இருக்கும் விமானத் துறை அலுவலகத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அவர்கள் இந்தியாவுக்கு எழுதி, ‘இந்தத் தாள் உங்கள் தாள்தானா?’ என்று கேட்பார்கள். இந்தியா நிதானமாக யோசித்து, ஆமாம், எங்கள் தாள்தான் என்று சொல்லும். உடனே ஒரு கடிதம் வரும். அதற்கு ஆயுள் 6 மாதம். அதற்குள் அமெரிக்கா போய், எந்த அலுவலகத்துக்கு வருவேன் என்று படிவத்தில் எழுதினாரோ அந்த அலுவலகத்தின் முன் நேரில் நிற்க வேண்டும். மாதக்கணக்கில் நடக்கும் இந்த வேள்வி முழுவதிலும், ‘ஐயா, உங்களுக்கு ஓட்ட வருமா?’ என்ற அநாகரிகமான கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. தாளைத்தான் சோதிக்கிறார்கள், ஆளைச் சங்கடப்படுத்துவதில்லை.

அந்தக் கேள்வியைப் பிறகு ஒரு பயிற்சியாளர் கேட்டுக்கொள்வார். குறைந்தது 1 மணி நேரம் பேச்சு, 1 மணி நேரம் பறப்பு. தாளுக்கு மாதங்கள், ஆளுக்கு 2 மணி நேரம். எது முக்கியம் என்று தெரிந்தவர்கள் வகுத்த கணக்கு.

அட்டையின் அடக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அது தனியே செல்லாது. கூடவே இந்திய உரிமமும் பையில் இருக்க வேண்டும். இரட்டைக்கிளவி மாதிரி, பிரித்தால் பொருள் தராது. இந்திய உரிமத்தின் எண் மாறிவிட்டாலோ, அமெரிக்க அட்டை அங்கேயே உயிரை விட்டுவிடும். உடன்கட்டை ஏறுவதற்கு நம் நாட்டில் 1829-இலேயே தடை வந்தது. அட்டைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுபோல. அட்டையில் இரண்டு முகங்கள் உண்டு என்றேன். இரண்டில் ஒன்றுகூட உங்கள் முகம் இல்லை. ஆகவே படம் போட்ட வேறொரு அடையாளச் சான்றும் வேண்டும். 2025 முதல் அமெரிக்காவில் முகவரியுள்ள ஒரு முகவரையும் நியமித்துவைக்க வேண்டும். உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்தால் அவர் வாங்கிக்கொள்வார். துணைக்குத் துணை, அந்தத் துணைக்கும் ஒரு துணை. இத்தனை பேர் புடைசூழப் பறக்கிறவனை எப்படித் ‘தனியார்’ விமானி என்கிறார்களோ தெரியவில்லை.

சமத்துவமும் உண்டு. 30 வருடம் ஜம்போ ஓட்டிய கேப்டன் இந்த வழியாக வந்தாலும் கிடைப்பது அதே தனியார் விமானி அட்டைதான். அவரைப் பக்கத்தில் உட்கார்ந்து சோதிப்பது, ஏர்லைன்ஸ் வேலைக்கு வேண்டிய 1,500 மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையாக இருக்கலாம். வாடகையும் உங்களுடையது, பயிற்சியாளர் கூலியும் உங்களுடையது, மணி நேரம் மட்டும் இருவர் கணக்கிலும் ஏறும். சீடன் குருவுக்கு வித்தைக்குப் பதில் நேரத்தையே தட்சிணையாகக் கொடுக்கும் குருகுலம் உலகில் வேறெங்கே இருக்கிறது?

இனி, விமானத்தை வாடகைக்குக் கொடுத்த கிளப்பின் கருணை. வாடகையைக் கணக்கிட ஹாப்ஸ் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. 6 நிமிடத்துக்கு ஒரு புள்ளி நகரும். விமானம் ஓடினால்தான் ஓடுவேன் என்ற பிடிவாதமெல்லாம் அதற்குக் கிடையாது. இன்ஜின் உயிர்பெற்றாலே அது கடமையில் இறங்கிவிடும். ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் காத்திருக்கும்போது என் நண்பர் மனிதர்களைவிட அதைத்தான் அதிகம் பார்த்தாராம். நாலு இருக்கையும் காட்டினார்கள். தொட்டி நிறைய எரிபொருள் போட்டால் மூன்று பெரியவர்கள் ஏறுவதற்குள் எடை வரம்பு மூச்சுவாங்கும். நாலாவது இருக்கை ஐதீகத்துக்கு. காப்பீடு இருக்கிறதா என்று கேட்டார். தாராளமாக இருக்கிறது என்றார்கள். அது கிளப்பைக் காப்பாற்றும் காப்பீடு. விமானம் நசுங்கினால் காப்பீட்டு நிறுவனம் கிளப்புக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை வசூலிக்க உங்களைத் தேடி வரலாம். வாடகைக்கு எடுப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தனிக் காப்பீடு வாங்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள். கேட்காதவரைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

இவ்வளவும் முடித்து என் நண்பர் பறந்தார். எங்கே? லாஸ் ஏஞ்சலஸ் பன்னாட்டு விமான நிலையத்துக்கு நேர் மேலே.

விளையாட்டில்லை. உலகின் மிக நெரிசலான விமான நிலையங்களில் ஒன்றின் தலைக்குமேல், சின்ன விமானங்களுக்கென்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். தென்கிழக்கே போகிறவர் 3,500 அடி. வடமேற்கே போகிறவர் 4,500 அடி. சாண்டா மோனிகா வழிகாட்டிக் கம்பத்திலிருந்து 132 பாகைக் கோடு. விமானத்தை ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 1201. வேகம் மணிக்கு 140 கடல் மைலுக்குள். அந்தப் பகுதியின் புதிய வரைபடம் கையில், விளக்குகள் எரிய வேண்டும். அவ்வளவுதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 128.55 அலைவரிசையில் ‘நான் இன்னார், இந்த உயரத்தில் வந்துகொண்டிருக்கிறேன்’ என்று காற்றைப் பார்த்துச் சொன்னால் போதும். எதிரே வருகிறவரும் அப்படியே சொல்வார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டியது. கீழே ஜம்போக்கள் இறங்கிக்கொண்டிருக்கும். காற்றழுத்தத்தை ஹெக்டோபாஸ்கலில் 1013 என்று வைத்துப் பழகிய என் நண்பர், ரேடியோவில் அங்குலக் கணக்கில் 29.92 என்று கேட்டு ஒரு கணம் பேந்தப் பேந்த விழித்தாராம். அந்த விழிப்பைச் சோதிக்க ஒரு படிவமும் இல்லை. தாளுக்கு ஒரு கண்டம் தாண்டிக் கடிதம். இதற்கு ஒரு வாய்வார்த்தை. இப்படியொரு நம்பிக்கையை மனிதன்மேல் வைத்த விதியை வேறெந்த நாட்டிலும் தேடத் தோன்றாது.

மறுவாரம் கேட்டலீனா தீவுக்குப் போக நினைத்தார். மலையுச்சியைச் சமப்படுத்திப் போட்ட தளம். 1,602 அடி உயரம், சுமார் 3,000 அடி ஓடுபாதை. முதல் பகுதி மேட்டில் ஏறுவதால் மறுமுனை கண்ணுக்கே தெரியாது. பாதை முடிந்துவிட்டது என்று பயந்து புதியவர்கள் பிரேக்கை மிதிப்பார்கள். அட்டைக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை, எங்கும் செல்லும். 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருந்தால் பெண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறது சட்டம். தடுத்தது கிளப் மட்டும்தான். எங்கள் பயிற்சியாளரோடு ஒருமுறை போய் இறங்கிக் காட்டாமல் அங்கே விட மாட்டோம் என்றது. விமானத்தின்மேல் உள்ள பாசம். மனிதருக்குப் படிவம் இருக்கிறது, செஸ்னாவுக்கு யார் இருக்கிறார்கள்?

இறங்கிக் காட்டினார். முதல் முறை பிரேக்கை மிதித்தும் காட்டினார். பிறகு மகளோடு போய், அந்தத் தளத்தின் புகழ்பெற்ற காட்டெருமைக் கறி பர்கரையும் சாப்பிட்டு வந்தார். அவர் சென்னை திரும்பியதும் கேட்டேன்: ‘அங்கே அட்டையை யாராவது கேட்டார்களா?’

‘விமானத்துக்கு யாரும் கேட்கல. கார் வாடகைக்கு எடுக்கிற கவுன்டர்ல நானாத்தான் நீட்டினேன். ரைட் பிரதர்ஸைப் பார்த்துட்டு, இதில் நீங்க யாருன்னு கேட்டான்.’