மேகத்துக்கு விரித்த வலை

கேள்வி: கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் மூடுபனி முகத்தைக் கழுவிவிடுகிறது. கோடை வந்தால் மலையிலேயே குடத்தோடு அலைகிறார்கள். அந்தப் பனியைப் பிடித்துக் குடத்தில் ஊற்ற முடியாதா?

பதில்: முடியும். சிலி நாட்டின் சுங்குங்கோ, மழையே அரிதான மீனவர் கிராமம். அதன் மேலே எல் தோஃபோ மலைமுகட்டில் வலைகளை நிறுத்தி, 1990களில் நாளொன்றுக்குச் சராசரியாக 15,000 லிட்டர் இறக்கினார்கள். மீனவர் ஊருக்குத் தண்ணீரும் வலையிலேயே வந்தது!

கேள்வி: வலை கட்டினால் போதுமா?

பதில்: காற்றும் வேண்டும். மூடுபனித் துளி தலைமுடியின் தடிமன்கூட இல்லாதது, மிதந்துகொண்டே இருக்கும். காற்று அதை இழையில் மோதவைத்தால்தான் துளியோடு துளி சேர்ந்து, கனத்து, கீழே வழியும். நல்ல இடத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 லிட்டர் கிடைக்கும். அசையாமல் நிற்கும் மூட்டம் போட்டோவுக்குத்தான் ஆகும்.

கேள்வி: அப்படியானால் கொடைக்கானல் முழுக்க வலை கட்டிவிடலாமே?

பதில்: ஏற்கெனவே கட்டியிருக்கிறது, சோலைக்காடு என்ற பெயரில். மழையில்லாத மூட்ட நாளில் பாம்பார் சோலைக்குள் போய்ப் பாருங்கள். வெளியே பாதை காய்ந்திருக்க, உள்ளே மரம் சொட்டிக்கொண்டிருக்கும். கிளையெல்லாம் பாசி, விரல் வைத்தால் நனையும். இலை பிடித்ததைப் பாசி வாங்கி, பாசி விட்டதை மக்கிய மண் வாங்கி, அவசரமே இல்லாமல் ஓடைக்குக் கொடுக்கும். வரதமாநதியும் மஞ்சளாறும் இந்த மலைத் தண்ணீர்தான். மழைமறைவில் கிடக்கும் பழனி குடிப்பதும் இதைத்தான். சோலையையும் புல்வெளியையும் அழித்துத் தைலமரமும் வாட்டில் மரமும் நட்டது, நம் குடத்தில் நாமே போட்ட ஓட்டை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது.

கேள்வி: ஒற்றை மரம் ஊருக்கே தண்ணீர் தந்ததாமே, கட்டுக்கதையா?

பதில்: கனேரித் தீவுகளில் எல் இயெர்ரோ தீவின் காரோயே மரம் அது. இலைகளில் பனி சொட்டும், அடியில் குழி வெட்டிச் சேர்த்தார்கள். 1610இல் புயலில் சாய்ந்தது.

கேள்வி: வலையே வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: நகரத்துக்கு வலையை நம்பிவிடாதீர்கள் என்கிறேன். 40 சதுர மீட்டர் வலை, நல்ல நாளில் 160 லிட்டர் தந்தால் ஒரு வீட்டுக்குச் சரி. ஜனவரியில் உறைபனி விழும் தெளிந்த இரவுகளில் அதுவும் வராது. ஓடை எட்டாத முகட்டில் சோலை மரக்கன்று வளர்க்கும் நாற்றங்காலுக்குக் கட்டுங்கள். கன்று வேர் பிடிக்கும்வரை அந்தத் தண்ணீர் தாங்கும்.

கேள்வி: குடிக்கலாமா?

பதில்: முதலில் வடிவதில் தூசியும் பூச்சியும் வரும்; அதைக் கொட்டிவிட்டுப் பிடியுங்கள். காய்ச்சிக் குடியுங்கள்.