வரகு சார்

எங்கள் அடுக்ககத்தில் அவருக்கு வரகு சார் என்று பெயர். சொந்தப் பெயர் மின்கட்டண அட்டையில் மட்டும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மெதுவடை சார்.

லிஃப்டில் அவரிடம் மாட்டிக்கொண்டால் "சௌக்கியமா?" என்று கேட்க மாட்டார். "உங்களுக்கு மூணு மாசம் எவ்வளவு?" என்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் வாடகை பாக்கியைக் கேட்கிறாரோ என்று வெலவெலத்துப் போவார்கள். அவர் கேட்பது எச்பிஏ1சி.

அதுதான் அவரை மாற்றிய புண்ணியவதி. முன்பெல்லாம் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஜிலேபியை நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரையில் நல்ல பிள்ளையாகப் பாஸ் செய்துவிடுவார். இந்தச் சோதனை விவரமானது. ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியை எடுத்து நீட்டிவிடும். 6.5 தொட்டாலே நீரிழிவு. சாருக்கு 8.4. ஒவ்வொரு ஜிலேபியும் சாட்சிக்கூண்டில் ஏறிவிட்டது.

மறுநாளே வீட்டில் புரட்சி. பொன்னி அரிசி மூட்டை வேலைக்காரம்மா வீட்டுக்குப் போனது. வரகு, சாமை, தினை, குதிரைவாலி எல்லாம் டப்பாவில் பெயர் ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தன. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததைத் தம் வீட்டுக்கு வந்த தனிக் கடிதம் போலவே சொல்வார். அரிசிச் சோறு ஒரு கரண்டிக்கு மேல் தொடாதவர், வரகுப் பொங்கலை நாலு கரண்டி வாங்கிக்கொண்டார். கேட்டால், "இது மருந்து!" வெள்ளைச் சர்க்கரை ஒழிந்து, காபியில் நாட்டுச் சர்க்கரை இரண்டு ஸ்பூன் விழுந்தது. "சார், அது வேட்டி கட்டின சர்க்கரை, அவ்வளவுதான். வரகானாலும் அளவு வேணும்" என்று டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்புறம் யோகா. ஜூன் 21 யோகா தினத்தன்று மொட்டை மாடியில் தொடக்க விழா. சூரிய நமஸ்காரத்துக்கு 12 நிலைகள். சாரின் கை மூன்றாம் நிலையில் பாதத்தைத் தொடப் புறப்பட்டு, முழங்காலோடு மரியாதையாக நின்றுவிட்டது. நடுவில் தொப்பை மறியல் செய்தது. ஐ.டி.யில் இருக்கும் மகன், சாப்பிட்ட கையோடு செய்யலாம் என்பதால் வஜ்ராசனத்தைத் தேர்ந்தெடுத்தான். அவனுக்கு முதல் பாதியில்தான் ஈடுபாடு. பத்தாவது படிக்கும் மகள் மட்டும் வில்லாய் வளைந்து, அதைச் செல்போனில் படம் எடுக்கச் சொன்னாள்.

இத்தனை ஆரோக்கியத்தையும் தூக்கிச் சுமந்தவர் சாரின் வீட்டம்மா. கேழ்வரகை முளைகட்டணும். குதிரைவாலியை ஊறவைக்கணும். வரகில் கல் பொறுக்கணும். மகனுக்கு முட்டை, மகளுக்குப் பச்சைக் காய்கறி, சாருக்கு உப்பில்லாத சுரைக்காய்ச் சாறு. முன்பு ஒரே குக்கரில் முடிந்த சமையல் இப்போது நாலு அடுப்புக் கேட்டது. "நீயும் யோகா பண்ணேன், உடம்புக்கு நல்லது" என்று சார் தினமும் உபதேசித்தார்.

ஒருநாள் அந்த அம்மா பாயை விரித்தார். நேரே சவாசனம். சார் பதறிப்போய், "அதைக் கடைசியிலதானே பண்ணணும்!" என்றார்.

"இருபத்தஞ்சு வருஷமா மத்ததெல்லாம் பண்ணியாச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து காலை ஆறரை முதல் ஏழேகால்வரை அவரை யாரும் கூப்பிடக் கூடாது. யோகா மாஸ்டர் சொன்ன பத்து நிமிஷம் நாற்பத்தைந்தாக வளர்ந்தது. வேறு வழியில்லாமல் சார் சமையலறைக்குள் போனார். தன் கையாலேயே கல் பொறுக்கிச் சமைத்ததில், நாலு கரண்டி தானாக இரண்டாகக் குறைந்தது. ருசியும் அதற்கு உதவி செய்திருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து 6.9. மாத்திரைதான் காரணம் என்றார் டாக்டர். மாஸ்டர் ஆசனம் என்றார். சார் எங்கள் எல்லோருக்கும் வரகுப் பாயசம் கொடுத்து, "எல்லாம் வரகு!" என்று கூவிக்கொண்டிருந்தார். உள்ளே பாயில் படுத்திருந்த வீட்டம்மா ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்தார்.

"நாளைக்குக் கல் பொறுக்கியாச்சா?"