குகை மாமா

திருப்பதியில் சொந்தக்காரர் ஒருவர் இருப்பது சென்னைக்காரர்களுக்குப் பெரிய பாக்கியம். 300 ரூபாய் தரிசன டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்கூட்டியே ஆன்லைனில் போட்டுவைப்பார். அலிபிரி வரைக்கும் வண்டி ஏற்பாடு செய்வார். ராத்திரி எத்தனை மணிக்கு மலையிறங்கி வந்தாலும் ரசம் சாதம் சூடாக இருக்கும். இதற்கெல்லாம் அவர் கைம்மாறு கேட்பதில்லை. மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, "கிளம்புங்க, பேலம் போயிட்டு வந்துடலாம்" என்பார், அவ்வளவுதான். பேலம் குகை 250 கிலோமீட்டருக்கு மேல். கடப்பையைத் தாண்டி, ஜம்மலமடுகையும் தாண்டிப் போகவேண்டும்.

இந்த ரகத்து மாமாக்கள் பெரும்பாலும் சித்தூரில் பிறந்து, பேங்கிலோ மின்வாரியத்திலோ குப்பைகொட்டி, ரிட்டயரானதும் திருப்பதியில் ஃப்ளாட் வாங்கியவர்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலில் தெலுங்கு, கல்லைப் பற்றி என்றால் மட்டும் இங்கிலீஷ்.

வியாதியின் அறிகுறி மலைப்பாதையிலேயே தெரிந்துவிடும். வண்டி முழுக்க கோவிந்தா போட்டுக்கொண்டிருக்க, மாமா ஜன்னல் வழியே பாறையைக் காட்டுவார். "கீழே கிரானைட், மேலே குவார்ட்சைட். ரெண்டுக்கும் நடுவுல பல கோடி வருஷத்தைக் காணோம்!" தொலைத்தது நாம்தானோ என்று பயமாக இருக்கும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அந்த இடத்தை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருப்பது உண்மை. மலைமேல் இருக்கும் சிலாதோரணம் என்ற கல்வளைவும் அப்படித்தான். ஆனால் லட்டு வரிசைக்கு நேரமாகிறதே என்று தவிப்பவர்களிடம் இதையெல்லாம் சொல்லலாமா?

பேலத்தில் மாமாவைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. படியிறங்கும்போதே ஆரம்பித்துவிடுவார். 1884இல் இந்தக் குகையைப் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். "யாரு தெரியுமா? உங்க பல்லாவரத்துல 1863லயே கற்கோடாரி எடுத்தாரே, அவரேதான்!" பல்லாவரத்தில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் மச்சினர் இதைக் கேட்டுத் திருதிருவென்று விழிப்பார். 1982, 83இல் டேனியல் கெபாவர் என்ற ஜெர்மானியர் தன் குழுவோடு வந்து அளந்தது, 2002இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது எல்லாம் வரிசையாக வரும். மொத்த நீளம் 3,229 மீட்டர், நாம் நடக்க முடிவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர். மிச்சத்தையும் பூட்டிவைத்திருக்கிறார்களே என்று மாமாவுக்குத் தீராத ஏக்கம். நமக்கோ பரம நிம்மதி.

"மேகாலயாவுல இதைவிட நீளமா இருக்காமே மாமா?" என்று கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் கிளப்புவான்.

"அது மலைடா! சமவெளியில இதுதான் நீளம்" என்பார் மாமா. குரலில் சொந்த வீட்டுப் பட்டாவைக் காட்டும் தோரணை.

கைடு பாவம். அவர் டார்ச்சைத் தூக்குவதற்குள் மாமாவின் விரல் போய்விடும். ஆலமரம், ஆயிரம் பட நாகம், கோடிலிங்கம் என்ற கல் உருவங்கள் எல்லாம் கைடின் பட்டியலில் உள்ளவை. மாமாவின் பட்டியலில் கூடுதலாக ஒரு பிள்ளையாரும், அவருடைய பழைய மேனேஜரின் மூக்கும் உண்டு. மேலேயிருந்து தொங்குவது கல்விழுது, கீழேயிருந்து எழும்புவது கல்முளை. "நம்ம போர் தண்ணி கொதிச்சா பாத்திரத்துல வெள்ளையா படியுதில்ல, அதே சுண்ணாம்புதான்" என்பார். ரசாயனம் சரியாகவே இருக்கும். ஏழு ஸ்வரக் குகையில் கைடு கல்லைத் தட்ட, கணீரென்று ஓசை வரும். மாமா கண்ணை மூடி, "மத்யமம் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்று தீர்ப்பு சொல்வார்.

உள்ளே புழுக்கம் சொல்லி மாளாது. வெளிக்காற்றைக் குழாய் வழியே அனுப்பினாலும் பாதாளகங்கை என்ற நீரோடை வருவதற்குள் சட்டை பிழிகிற பதத்துக்கு வந்துவிடும். அத்தைக்கு இது தெரியும். அவள் இறங்கவே மாட்டாள். வெளியே பெரிய புத்தர் சிலைப் பக்கம் நிழல் பார்த்து, புளியோதரைப் பாத்திரத்தோடு உட்கார்ந்துவிடுவாள். "போய்ட்டு வாங்கடா, நான் பையைப் பாத்துக்கறேன்."

மாமாவைக் குறை சொல்வதற்கும் மனம் வரவில்லை. எத்தனையோ வருஷமாக ஊரார் அத்தனை பேரையும் தரிசன வரிசையில் நிற்க அனுப்பி, "ஜரகண்டி, ஜரகண்டி" (நகருங்கள், நகருங்கள்) என்று அரை நொடியில் தள்ளப்பட்டுத் திரும்பியவர்களின் புலம்பலைக் கேட்டவர் அவர். இங்கே ஒரு கல்லின் முன்னால் கால்மணி நேரம் நின்றாலும் தள்ளிவிட ஆளில்லை. அதனால்தான் நிற்கிறார். கடைசியில் பின்னால் நிற்கும் நாம்தான் "ஜரகண்டி மாமா" என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

உங்களுக்கும் அப்படியொரு மாமா இருந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். பருத்திச் சட்டையும் வழுக்காத செருப்பும் போதும். ஆனால் பேச்சுவாக்கில்கூட போரா குகை என்று வாயைத் திறந்துவிடாதீர்கள். அது விசாகப்பட்டினத்தையும் தாண்டி அரக்கு மலைப் பக்கம் இருக்கிறது. திருப்பதியிலிருந்து ராத்திரி ரயில் உண்டு, டிக்கெட்டை அவரே போட்டுவிடுவார்.