எழுந்திருப்பது எப்படி?

பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு என் முதுகில் என்ன வேலை? போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதே யோசனை, இன்னும் கோபம் ஆறவில்லை. சொந்தக்காரர் வீட்டு அறுபதாம் கல்யாணம். நான் நாற்காலியில் உட்கார்ந்த தினுசைப் பார்த்தே மனிதர் கண்டுபிடித்துவிட்டார். "இடுப்பா சார்?" தலையாட்டியதுதான் தாமதம். சாம்பார் வருவதற்குள் எல் ஃபோரா, எல் ஃபைவா என்று விசாரணை முடிந்து, ரசத்துக்குத் தீர்ப்பே வந்துவிட்டது. "மெத்தையைத் தூக்கிக் கடாசுங்க. தரையில படுங்க சார்." பாயசம் வரும்போது எதிர்வரிசையும் சேர்ந்துகொண்டது. யாருக்கு அறுபது என்பதே அந்தப் பந்தியில் மறந்துபோயிற்று.

தலைவலிக்கு நாலு யோசனை சொல்கிற நாம் இடுப்புவலிக்கு நாற்பது சொல்லுவோம். உளுந்தங்களி, முடக்கத்தான் தோசை, நொச்சி இலை ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், பூண்டுப் பால். களியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. வலி போகிறதோ இல்லையோ, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த களி வயிற்றுக்குள் நல்லபடியாகப் போகிறது. ஆனால், கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று கேள்விப்பட்ட அத்தை, அப்படிப் பிறந்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கையோடு அழைத்தே வந்துவிட்டார். ஆள் எண்பது கிலோவுக்குக் குறையமாட்டார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "எங்க படுக்கிறீங்க?" என்று கேட்டார். காபி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

எனக்கு எது கேட்டது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தத் தரை விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

தரையில் படு என்கிறவர்கள் யாரும், தரையிலிருந்து எப்படி எழுந்திருப்பது என்று சொல்வதே இல்லை. படுப்பது சுலபம், பாதி வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். விடிகாலை ஐந்து மணிக்கு எழ வேண்டுமே, அங்கேதான் இருக்கிறது சங்கதி. முதலில் கண்ணைத் திறந்து நிலைமையை யோசிக்க வேண்டும். பிறகு முழங்காலை மடக்கி வலப்பக்கம் உருள வேண்டும். உருண்டபின் சற்று ஓய்வு. அப்போது கட்டிலுக்கு அடியில் இருப்பதெல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும்: ஒரு ஹேர்பின், இரண்டு ரூபாய் நாணயம், தீபாவளிக்குத் தொலைந்த மூக்குக்கண்ணாடிக் கூடு. கை நீட்டினால் எட்டாது. நாம் படுத்திருப்பதை உத்தேசித்து எறும்புகள் தோள்பட்டையைச் சுற்றிப் புதிய பாதை போட்டிருக்கும். அடுத்து முழங்கையை ஊன்றி, கட்டில் காலைப் பிடிக்க வேண்டும். அந்தக் கட்டிலின் மேல், மெத்தையில், இடுப்புவலி இல்லாத என் மனைவி தூங்கிக்கொண்டிருப்பாள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, ஒரு காலை முன்னால் வைத்து, "முருகா" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லி, முக்கால்வாசி நிமிர்ந்த நேரத்தில் பால்காரர் மணி அடிப்பார். மேலிருந்து ஒரு குரல் வரும்: "என்னங்க, எந்திரிச்சிட்டீங்களா, இல்ல இன்னும் எந்திரிச்சிட்டே இருக்கீங்களா?"

அந்தக் காலத்தில் எல்லாரும் தரையில் படுத்தார்கள், ஒருத்தருக்கும் இடுப்புவலி கிடையாது என்பார்கள். என் தாத்தா திண்ணையில்தான் படுத்தார். முனகாமல் அவர் எழுந்த ஒரு காலையைப் பாட்டி பார்த்ததில்லை. சரி, பாட்டி சாட்சி செல்லாது என்றால், ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேருக்கு மெத்தை கொடுத்தே பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்குக் கெட்டியான மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தரம். 90 நாள் கழித்துப் பார்த்தால் நடுத்தர மெத்தைக்காரர்கள்தான் தேறியிருந்தார்கள். 2003இல் லான்செட் இதழில் வந்தது. கீழ்வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "ஸ்பெயின்காரனுக்குத் தரையைப் பத்தி என்ன சார் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது?

தரையை விட்டால் ஸ்கேன். என் எம்ஆர்ஐ படத்தை மாமா டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஜோசியர் எட்டாம் இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஐயோ, பிதுங்கியிருக்கே!" படம் தலைகீழாக இருந்தது. 1994இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்ததில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கித்தான் இருந்தது என்று மாமாவுக்கு எடுத்துச் சொன்னேன். அன்று சாயங்காலத்திலிருந்து மாமாவுக்கும் லேசாக இடுப்பைப் பிடிக்கிறதாம்.

பெல்ட்டும் அப்படித்தான். நாள்பட்ட இடுப்புவலிக்கு பெல்ட், டிராக்‌ஷன் இரண்டையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைப்பதற்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. நான் இன்னும் கழற்றவில்லை. டவுன் பஸ்ஸில் சட்டைக்கு மேல் பெல்ட் தெரிந்தால் சில நாள் உட்கார இடம் கிடைக்கிறது.

இதில் வேடிக்கை, படுப்பதே வேண்டாம் என்பதுதான். ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில் திடீர் இடுப்புவலி வந்தவர்களைப் பிரித்து, சிலரை இரண்டு நாள் படுக்கவைத்தார்கள், சிலருக்கு உடற்பயிற்சி கொடுத்தார்கள், மிச்சப் பேரை முடிந்தவரை வழக்கமான வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். சீக்கிரம் தேறியவர்கள் அந்த மிச்சப் பேர்தான். இது 1995இலேயே வந்துவிட்ட செய்தி. நம் பந்திக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வராது. ஏனென்றால், திடீரென்று பிடித்த இடுப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே விட்டுவிடும். விடுகிற அன்றைக்கு எந்தத் தைலம் தேய்த்திருந்தோமோ அந்தத் தைலத்துக்குப் பெயர், எவர் சொன்ன இலையை வதக்கிக் கட்டியிருந்தோமோ அவருக்குக் கீர்த்தி. ஆளுக்கொரு வைத்தியம் கைவசம் இருப்பது இப்படித்தான். அத்தனையும் அனுபவத்தில் கண்ட உண்மை. மறுத்துப் பேசினால் நமக்கு வாழ்க்கையில் நம்பிக்கை இல்லை என்பார்கள்.

எனக்கு எது கேட்டது என்று கேட்கிறீர்களா? சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே அதை இன்னொருத்தர் முதுகில் ஏற்றிவிடுவீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு?

ஒன்றை மட்டும் தாராளமாக எல்லாரிடமும் சொல்லுங்கள். கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுக்குள் இல்லாமல் போனாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மற்றபடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரைக் கண்டால் வாயைத் திறக்காதீர்கள். அவர் சாவியைக் கீழே போட்டிருப்பார், அதைக் குனிந்து எடுத்துக் கொடுங்கள்.