கேள்வி – பதில்

கேள்வி: இளமையில் தெளிவாக வரைந்த மேதைகள் முதுமையில் புரியாத சித்திரம் தீட்டுவானேன்? கண்காட்சிக்குப் போனால் நமக்கு விளங்குமா?
— ஒரு வாசகர், ஆழ்வார்குறிச்சி

பதில்: கண்புரையால் அவதியுற்று, 1923-இல் சத்திர சிகிச்சை செய்துகொண்ட பின்னும் தம் தோட்டத்துக் குளத்து அல்லிகளையே விடாமல் எழுதிய பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அந்திமகாலச் சித்திரங்கள், 1927 முதல் பாரிஸ் நகரத்து ஒரான்ஜரி மாளிகையில், நீள்வட்ட அறைகள் இரண்டின் சுவர்களைச் சூழ்ந்து நிற்கின்றன, அருகே போனால் வெறும் வர்ணத் திட்டு, பத்தடி பின்வாங்கினால் தண்ணீர்! கடனாநதிக் கரையில் நின்று, மலையின் நிழல் அலையில் உடைந்து மறுபடி கூடுவதைப் பார்த்து வளர்ந்த தங்களுக்கா அது விளங்காது?

பாரிஸ் தூரமென்றால் திருவனந்தபுரம் பக்கந்தானே. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்து, ஆதியில் நீர்வர்ணத்தில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டிய கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை வரையலானார். அவர் பெயரால் அமைந்த கூடம் திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. ஜாதகக் கட்டமும் பொடி எழுத்தும் நெருங்கிக் கிடக்கும் அச்சித்திரங்களை வாசிக்க முயல வேண்டாம்; அவை பார்ப்பதற்கென்றே எழுதப்பட்ட எழுத்துகள். ஒரே சித்திரத்தின்முன் கால்மணி நேரம் நின்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.